கொதிக்கும் கஞ்சி கையில் கொட்டினால்: கடலூரில் நாங்கள் பட்ட பாடு

திருப்பாதிரிப்புலியூரில் அக்கா வீடு. கஞ்சி வடிக்கும்போது பானை சரிந்து, ஆறு வயது அக்கா மகளின் வலது முன்கையில் கொட்டிவிட்டது. கஞ்சி வழிந்து ஓடாது. தோலில் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும்.

உடனே குழாயைத் திறந்தேன். மே மாதப் பகல், மாடி சின்டெக்ஸ் தொட்டியிலிருந்து வந்த தண்ணீரே சுட்டது. இதை யாரும் சொல்லித் தருவதில்லை! மோட்டாரைப் போட்டு, போர் தண்ணீர் நேராக வரும் டியூபைப் பிடித்தேன். மோட்டார் இல்லாத வீடு என்றால் குடத்துத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றலாம். ஐஸ் மட்டும் வேண்டாம், வெந்த தோலை அது இன்னும் கெடுக்கும்.

ஊற்ற வேண்டியது 20 நிமிடம். அந்த 20 நிமிடமும் எனக்குச் சண்டைதான். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "தண்ணி ஊத்தாதே, கொப்புளம் கிளம்பிடும்" என்று கையைப் பிடித்தே இழுத்தார். ஒருவர் இட்லி மாவோடு வந்தார், இன்னொருவர் பேஸ்ட்டோடு. எல்லாரும் பிள்ளை மேல் உள்ள பாசத்தில்தான் வந்தார்கள். ஆனாலும் நான் விடவில்லை. கொப்புளம் தண்ணீரால் வருவதல்ல, சூட்டால் வருவது. சூடு தோலுக்குள் இறங்குவதை நிறுத்துவது தண்ணீர் ஒன்றுதான். மாவும் பேஸ்ட்டும் அந்தச் சூட்டை உள்ளேயே அடைத்து வைக்கும், கிருமியும் சேரும்.

ஊற்றும்போதே சோப்பு போட்டு அவள் கைக் காப்பைக் கழற்றிவிட்டோம். கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு வீங்கியதைப் பார்த்தபோது அப்பாடா என்றிருந்தது. வளையல், மோதிரம் எதுவானாலும் முதலிலேயே கழற்றுங்கள். பிள்ளை நடுங்கினால் மற்ற உடம்பைத் துண்டால் போர்த்துங்கள். துணி தோலோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள்.

துவைத்த வேட்டித் துணியைத் தளர்வாகப் போர்த்தி, அருகில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். அங்கே எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. "தீக்காயம்னா போலீஸ் கேஸ், நாங்க பாக்கறதில்ல" என்றார்கள். அதோடு விட்டார்களா? அனுப்பும் முன் வெள்ளை கிரீமை அப்பிவிட்டார்கள். அவசர சிகிச்சை தருவதற்குப் போலீஸ் நடைமுறை தடையாக இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. யாராவது இப்படித் திருப்பி அனுப்பினால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனையில் எப்படி நடந்தது, யார் கூட்டிவந்தது என்று எழுதிக்கொண்டே சிகிச்சையையும் ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் காயம் எவ்வளவு ஆழம் என்று பார்க்க அந்தக் கிரீமைத் துடைத்தாக வேண்டும். பிள்ளை கதறிய கதறல் அப்போதுதான் அதிகம். மருத்துவர் பார்க்கும்வரை எதையும் தடவ விடாதீர்கள்.

விரல்களோடு சேர்த்து அவளுடைய உள்ளங்கை அளவு என்பது உடம்பில் ஏறத்தாழ 1 சதவீதமாம். இது அப்படி மூன்று கை அளவு. பிள்ளைகளுக்கு 10 சதவீதத்தைத் தொட்டால் ட்ரிப்ஸ் ஏற்றியாக வேண்டும் என்றார் மருத்துவர். உடனே தண்ணீர் ஊற்றியது நல்லது என்றும் சொன்னார். எனக்கு அது போதும். முகம், உள்ளங்கை, பாதம், மூட்டு, மறைவிடம் என்றால் காயம் சின்னதாக இருந்தாலும் மருத்துவமனைதான். மின்சாரம், ஆசிட் பட்டாலும் அப்படித்தான்.

டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) எப்போது போட்டது என்று கேட்டார்கள். தடுப்பூசி அட்டை வீட்டில் இருந்தது. மாமா வாட்ஸ்அப்பில் படம் அனுப்ப, ஐந்து வயது பூஸ்டர் போட்டிருந்ததால் இப்போது ஊசி போடாமல் தப்பினாள். அட்டையை இப்போதே போனில் படமெடுத்து வையுங்கள்.

அப்புறம் கட்டு மாற்ற வீட்டுப் பக்கம் ஓர் இடத்துக்குப் போனபோது, ஒட்டியிருந்த துணியை அப்படியே இழுக்கப் பார்த்தார்கள். சலைன் (மருத்துவ உப்பு நீர்) ஊற்றி நனைத்து எடுக்கச் சொல்லி நின்றேன், வலியில்லாமல் வந்தது. கொப்புளத்தையும் உடைக்க விடவில்லை. காயம் ஆறிவிட்டது, தோல் மட்டும் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, அரிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறோம். வெயிலில் போனால் முழுக்கைச் சட்டை.