எப்படி வந்தீங்க?

உதவி கேட்டு எங்கள் மேசைக்கு வருகிறவர்களிடம் பெயர், முகவரி, குடும்பத்தில் எத்தனை பேர் என்றெல்லாம் கேட்பதற்கு முன்னால் நான் கேட்பது "எப்படி வந்தீங்க?" என்பதுதான். விண்ணப்பப் படிவத்தில் இந்தக் கேள்வி கிடையாது, பேச்சுவாக்கில் கேட்டு வைப்பேன். பதிலிலேயே பாதிக் கதை வந்துவிடும். இரண்டு பஸ் மாறி வந்தேன், பக்கத்து வீட்டுத் தம்பி வண்டியில் இறக்கிவிட்டான், வரும்போது பஸ், போகும்போது நடைதான். ஒரு அம்மா எங்கள் நிறுத்தத்துக்கு முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கி நடந்து வந்தேன் என்றார். அங்கே ஸ்டேஜ் மாறுகிறதாம், இன்னும் ஒரு நிறுத்தம் வந்தால் டிக்கெட் கூடுமாம். அதே ரூட்டில் வருடக்கணக்காக வந்துபோகும் எனக்கு ஸ்டேஜ் எங்கே மாறுகிறது என்று அன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வந்ததில்லை, அவ்வளவுதான்.

ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் பதினொரு வருடமாக இருக்கிறேன். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மளிகைப் பை, மருந்துச் செலவு, பிள்ளைகளின் படிப்புச் செலவு, அவசரத்துக்கு ஒரு மாத வாடகை என்று கொடுக்கிற இடம். இந்தக் கேள்வியை முதல் நாளிலிருந்தே கேட்டு வருகிறேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் முதல் நான்கைந்து வருடம் நான் செய்தது, வராதவர்களின் பெயருக்கு எதிரே "வரவில்லை" என்று எழுதுவதும், மூன்று முறை அப்படி எழுதியதும் ஃபைலை மூடுவதும்.

அப்படி மூடிய ஃபைல்களில் ஒன்று, வீட்டு வேலைக்குப் போகும் ஒரு அக்காவுடையது. மாதம் ஒரு மளிகைப் பை, பத்து கிலோவுக்கு மேல் இருக்கும். மூன்று மாதம் வந்து வாங்கினார், அப்புறம் ஆளைக் காணோம். தேவை தீர்ந்துவிட்டது போல என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். ஒரு வருடம் கழித்து வேறு வேலையாக அவர் தெருவுக்குப் போனபோது வாசலில் உட்கார்ந்திருந்தார். ஏன் வருவதே இல்லை என்று கேட்டேன், கொஞ்சம் அதட்டலாகத்தான் கேட்டிருப்பேன். அவர் விரல்விட்டுக் கணக்குச் சொன்னார். அந்தப் பையோடு இரண்டு பஸ் மாற முடியாது, கூட்டமாக இருந்தால் ஏறவே முடியாது, அதனால் திரும்பும்போது ஆட்டோ. வாங்க வரும் நாளில் அரை நாள் லீவு, அதற்குச் சம்பளப் பிடித்தம். கடைசியாக வந்த மாதம் ஆட்டோவுக்குக் காசு போதாமல் பையிலிருந்தே ஒரு எண்ணெய் பாக்கெட்டையும் இரண்டு சோப்பையும் எடுத்துக் கொடுத்துக் கணக்கை முடித்தாராம். "நீங்க கொடுக்கிறது நல்ல சாமான்தான் மேடம். ஆனா அதை வீட்டுக்குக் கொண்டுவர்ற செலவுக்கு என் தெருக் கடையிலேயே பாதி வாங்கிடுவேன்."

அலுவலகத்தில் இதைச் சொன்னதும் எங்களுக்குத் தோன்றிய பிரமாதமான யோசனை, பையை இரண்டாகப் பிரித்து மாதம் இரண்டு முறை கொடுக்கலாம் என்பது. கனம் குறையும் அல்லவா! அவரிடம் போனில் சொன்னேன். சிரித்துவிட்டார். "அப்போ ரெண்டு தடவை வரணுமே மேடம்."

இது எங்கள் மேசையில் மட்டும் நடக்கிற கூத்து இல்லை. காசநோய்க்கு மருந்து பல நாடுகளில் இலவசம். ஆனாலும் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலில் பல நாடுகளில் எடுத்த கணக்கெடுப்புகளைப் பார்த்தால், நோய் வந்த குடும்பங்களில் ஏறக்குறைய பாதி, வருட வருமானத்தில் 20 சதவீதத்துக்கு மேல் அந்த ஒரு நோயால் இழக்கின்றன. மருந்து இலவசம் என்றால் காசு எங்கே போகிறது? போக்குவரத்துக்கு, சத்தான சாப்பாட்டுக்கு, வேலைக்குப் போகாத நாட்களின் கூலிக்கு. சிகிச்சையை விட்டவரைப் பார்த்து "பொறுப்பில்லை" என்று சொல்வது சுலபம். நானும் சொல்லியிருக்கிறேன்.

டயாலிசிஸ் நோயாளிகள் விஷயத்தில் இந்தக் கணக்கு இன்னும் கொடூரமாக இருக்கும். பொதுவாக வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் போல. வருடத்துக்கு 156 முறை, போக வர 312 பயணம். முடிந்து எழும்போது தலை சுற்றும், தனியாக அனுப்ப மாட்டார்கள், துணைக்கு ஒருவர் வேண்டும். ஆக 624 டிக்கெட். துணைக்கு வருபவர் பெரும்பாலும் மனைவி அல்லது மகன், வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு யார் நிரந்தர வேலை கொடுப்பார்கள்? "இலவச டயாலிசிஸ்" என்று போர்டு வைத்தால் இதெல்லாம் அந்த போர்டில் தெரியாது.

அப்படி ஒருவர் எங்களிடம் வந்தார். பயணச் செலவுக்கு அப்போது எங்களிடம் ஒரு விதி இருந்தது: முதலில் செலவு செய்யுங்கள், டிக்கெட்டைக் கொண்டு வாருங்கள், சரிபார்த்து மூன்று வாரத்தில் கொடுப்போம். கையில் காசு இல்லை என்று வருகிறவரிடம் முதலில் காசைப் போடச் சொல்கிற விதி. ஆடிட்டருக்கு ஆதாரம் வேண்டும் என்பார்கள், நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பெரியவர் எங்கேயோ கடன் வாங்கி இரண்டு மாதம் போய் வந்துவிட்டு, ஒரு பழைய கணக்கு நோட்டில் எல்லா டிக்கெட்டையும் தேதிவாரியாக ஒட்டிக்கொண்டு வந்தார். பக்கத்துக்கு நான்கு டிக்கெட், கீழே பென்சிலில் தேதி, "போக", "வர". அவ்வளவு சுத்தமான வேலை. ஆனால் பஸ்ஸில் கண்டக்டர் மெஷினில் அடித்துக் கொடுக்கிற காகிதம் சூட்டில் எழுத்து விழுகிற காகிதம், நாளாக நாளாக எழுத்து மங்கிவிடும், பசை பட்டால் இன்னும் சீக்கிரம். முக்கால்வாசி டிக்கெட் வெறும் வெள்ளைத் துண்டு. நான் நோட்டைப் புரட்டினேன், படிக்க முடிந்ததை மட்டும் கூட்டினேன், மற்றதைத் தர முடியாது என்று சொன்னேன். "பரவாயில்லை மேடம், தப்பு என்னுதுதான், ஒட்டாம வெச்சிருக்கணும்" என்று சொல்லி நோட்டை வாங்கிக்கொண்டார். விதிப்படிதான் செய்தேன். ஆனால் பில் சரிபார்க்க உட்காரும்போதெல்லாம் அந்த வெள்ளைத் துண்டுகள் இன்றைக்கும் நினைவுக்கு வரும்.

அந்த விதியை மாற்ற எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. கூட்டத்துக்குக் கூட்டம் பேசினேன், கடைசியில் நிர்வாகியை மசிய வைத்தது என் பேச்சு இல்லை. ஒரு மாதம் முழுக்க டிக்கெட் சரிபார்க்க நானும் கணக்கரும் செலவழித்த மணிகளைக் குறித்து வைத்து, அதற்கான எங்கள் சம்பளத்தையும் அந்த மாதம் நாங்கள் கொடுத்த பஸ் காசையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். சம்பளம்தான் அதிகம். அதன் பிறகு ஒரு வரம்புக்கு உட்பட்ட தொகையை முன்கூட்டியே, பில் இல்லாமல், பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கலாம் என்று ஆனது. போக, வர, தேவைப்பட்டால் துணைக்கும் சேர்த்து. "வர" என்பதைச் சேர்க்கத் தனியாக ஒரு கூட்டம் போட வேண்டியிருந்தது, அதைப் பற்றி இங்கே எழுதினால் எனக்குத்தான் கோபம் வரும்.

சரி, ஏமாற்றவில்லையா என்று கேட்பீர்கள். ஏமாற்றினார்கள். ஒரே இன்டர்வியூவுக்கு எங்களிடமும் இன்னொரு இடத்திலும் காசு வாங்கிய பையன் உண்டு. பஸ் காசை வாங்கிக்கொண்டு நடந்தே போய், அந்தக் காசில் நாப்கின் வாங்கிய பெண்ணும் உண்டு, அவளே பிறகு சொன்னாள். இதை ஏமாற்று என்று எந்தக் கணக்கில் எழுதுவது? நன்கொடை கொடுப்பவர்கள் சாப்பாட்டுப் பொருளும் துணியும் மனதாரக் கொடுப்பார்கள், நாப்கின், குழந்தைக்கு டயப்பர், போன் ரீசார்ஜ் என்று கேட்டுப் பாருங்கள், முகம் மாறும். ரீசார்ஜ் இல்லாததால் நாங்கள் அனுப்பிய செய்தி போய்ச் சேராமல், தேதி தெரியாமல் வராமல் போனவர்களையும் நான் "வரவில்லை" என்றுதான் எழுதியிருக்கிறேன்.

எனக்கு இதில் அதிகம் உறைத்த இடம் வேலை கிடைத்தவர்கள். ஒரு தம்பி வந்து, "வேலை கிடைச்சிடுச்சு மேடம், அதனாலதான் வந்தேன்" என்றான். பக்கத்து மேசையில் இருந்தவர், வேலை கிடைத்தவனுக்கு எதற்கு உதவி என்று என்னைப் பார்த்தார். அவன் சொன்னது எளிய கணக்கு: சேர்ந்த நாளிலிருந்து முதல் சம்பளம் வர முப்பது நாளுக்கு மேல் ஆகும். வீட்டில் இருந்தவரை ஆகாத செலவு இப்போது தினமும் ஆகும், பஸ், மதியச் சாப்பாடு, கறுப்பு ஷூ. முதல் மாதத்திலேயே வேலையை விட்டுவிட்ட சிலரை "நிலைத்து நிற்க மாட்டார்கள்" என்று நாங்கள் பட்டியலில் கீழே தள்ளியிருந்தோம். அதில் எத்தனை பேர் இந்த முப்பது நாளில் விழுந்தவர்களோ.

மாத பாஸ் எடுத்தால் மலிவு என்று அவனுக்கு நான் ஆலோசனை வேறு சொன்னேன். பாஸுக்கு மொத்தமாகக் காசு கட்ட வேண்டும், தினசரி டிக்கெட்டுக்கு அன்றன்றைக்குப் புரட்டினால் போதும், அதனால் கையில் குறைவாக இருக்கிறவர்தான் அதிகம் கொடுத்துப் பயணம் செய்கிறார். லண்டனில் பஸ், ரயில் பயணத்துக்குத் தட்டிப் போகிற ஆய்ஸ்டர் கார்டில் 2005-ல் ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்க மாட்டோம் என்று உச்சவரம்பு வைத்தார்கள், பிறகு வங்கிக் கார்டைத் தட்டிப் போகிறவர்களுக்கு வாரத்துக்கும் வைத்தார்கள். மொத்தக் காசு கையில் இல்லாதவருக்கும் பாஸின் லாபம் தானாகக் கிடைக்கிற ஏற்பாடு. இந்த மாதிரி ஒன்றை யோசித்தவர் வாழ்க்கையில் ஒரு முறையாவது சில்லறை எண்ணியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

பஸ் காசு கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. வங்கதேசத்தின் வடக்கே ரங்பூர் பகுதியில் அறுவடைக்கு முந்தைய மாதங்களில் வேலை இருக்காது, அந்தப் பட்டினிக் காலத்துக்கு "மொங்கா" என்று பெயரே உண்டு. 2008-ல் ஆய்வாளர்கள் சில கிராமத்துக் குடும்பங்களுக்கு, வெளியூருக்கு ஓர் ஆளை வேலைக்கு அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு 600 டாக்கா (அந்த நாட்டுப் பணத்தின் பெயர்), அன்றைய மதிப்பில் எட்டரை டாலர், கொடுத்தார்கள். கிட்டத்தட்ட ஒரு பஸ் டிக்கெட் காசு. அதனால் மட்டும் கூடுதலாக நூற்றுக்கு 22 குடும்பங்கள் ஆள் அனுப்பின, அனுப்பிய வீடுகளில் சாப்பாடு கூடியது. படித்துவிட்டுக் கொஞ்ச நாள் நான் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் அதையே பெரிதாக்கி 2017-ல் செய்தபோது அந்தப் பலன் வரவில்லை, 2019-ல் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். நிறுத்திவிட்டோம் என்று வெளிப்படையாகச் சொன்னார்களே, அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. டிக்கெட் காசையே எடுத்துவிட்ட இடங்களும் உண்டு: எஸ்டோனியாவின் தலைநகர் டாலினில் நகரவாசிகளுக்கு 2013 முதல், லக்சம்பர்க்கில் எல்லோருக்கும் 2020 முதல், தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் காசு இல்லை. மனு எழுதி, வருமானச் சான்று காட்டி, என்னைப் போல ஒருத்தி முன்னால் நிற்க வேண்டாம் என்பதே இதில் பெரிய விஷயம். பஸ் வந்தால்தானே ஏற முடியும், இறங்கிய பிறகு வீடு எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அடுத்த கேள்விகள்.

எங்கள் பயணக் காசு இன்னும் "இதர செலவுகள்" என்ற தலைப்பில்தான் வருகிறது. மளிகைப் பைக்கு நன்கொடையாளர் இருக்கிறார், பையைப் பிடித்துக்கொண்டு புகைப்படமும் எடுத்துக்கொள்ளலாம். பஸ் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு யார் நிற்பார்கள்? அதனால் பெரும்பாலான மாதங்களில் இருபதாம் தேதி தாண்டுவதற்குள் மேசை டிராயரில் பயணக் காசு வைத்திருக்கும் தகர டப்பா காலியாகிவிடும். சில சமயம் என் கைக்காசைப் போட்டிருக்கிறேன், அது சரியான வழி இல்லை என்று தெரிந்தும். எல்லா நாளும் முடிவதில்லை.

டப்பா காலியான பிறகு வருகிறவர்களிடம் நான் பெயரிலிருந்து ஆரம்பிக்கிறேன். எப்படி வந்தீங்க என்று கேட்பதில்லை.