வலி மாத்திரையும் சோடியமும்: அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள்

அம்மாவுக்கு வயது 71. பிரஷருக்கு டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை பல வருடமாகப் போடுகிறார். வழுக்கி விழுந்து முதுகெலும்பில் விரிசல் வந்தபோது, எலும்பு டாக்டர் டிரமடாலும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலி அடங்காத இரவுகளில் மருந்துக்கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக்கும் சேர்ந்துகொண்டது. மூன்றுமே நம் வீடுகளில் சாதாரணமாகப் புழங்குபவைதான்.

முதலில் குமட்டல் வந்தது. டிரமடால் வயிற்றைப் புரட்டும் என்பது தெரிந்த விஷயம், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வாய் உலர்கிறது என்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். அப்புறம் தலைவலி, நடையில் தள்ளாட்டம். ஒரு நாள் காலையில் என்னைத் தன் தங்கை என்று நினைத்து, "ரயிலுக்கு நேரமாச்சு, கிளம்புடி" என்றார். வயசானால் வருகிற மறதி என்றார் பக்கத்து வீட்டு அக்கா. போன வாரம் வரை பால் கணக்கை மனசுக்குள்ளேயே கூட்டிச் சொன்னவருக்கு மறதி இப்படியா வரும்?

எமர்ஜென்சியில் பக்கவாதமோ என்று மூளைக்கு சி.டி. எடுத்தார்கள். அதில் ஒன்றுமில்லை. ரத்தப் பரிசோதனையில்தான் பிடிபட்டது. லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் இருக்க வேண்டிய சோடியம் 116. "என்னென்ன மாத்திரை போடுறாங்க?" என்று கேட்ட டாக்டர், நான் கொண்டுபோன பையிலிருந்து மூன்று அட்டைகளை எடுத்துத் தனியாக வைத்தார்.

உப்பு குறைவாகச் சாப்பிட்டதால் வந்தது இல்லை இது. தண்ணீர் கூடிப்போன ரசம் உப்பில்லாமல் இருப்பது போலத்தான் என்றார். ஏ.டி.ஹெச். என்ற ஹார்மோன் சிறுநீரகத்தைத் தண்ணீரைப் பிடித்துவைக்கச் செய்கிறது. டிரமடால் அதைத் தேவையில்லாத நேரத்திலும் சுரக்க வைக்கலாம். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள், அந்த ஹார்மோனைக் கட்டுக்குள் வைக்கும் ப்ராஸ்டகிளாண்டின் என்ற பொருளைக் குறைக்கின்றன. பிரஷர் மாத்திரையில் இருந்த தயசைடோ சோடியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. வயதான, ஒல்லியான பெண்களுக்கு ஆபத்து கூடுதல். அம்மா எல்லாக் கணக்கிலும் வந்துவிட்டார்.

ஐ.சி.யு.வில் 3 சதவீத உப்புக் கரைசலை பம்ப் வைத்து மெதுவாக ஏற்றினார்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்ததில் கை முழுக்க நீலம் பாய்ந்துவிட்டது. "சீக்கிரம் ஏத்திட்டா என்ன?" என்று என் தம்பி பொறுமையிழந்து கேட்டான். 24 மணி நேரத்தில் சோடியம் 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் ஏறினால் மூளை நரம்புகளின் உறை சிதைந்து, பேச்சும் கைகால் அசைவும் நிரந்தரமாகப் போய்விடக்கூடும் என்றார் டாக்டர். காரணமான மருந்தை நிறுத்தியதும் சிறுநீர் திடீரென்று நிறையப் போகலாம், அப்போது சோடியம் தானாகவே வேகமாக ஏறிவிடும். அதனால்தான் நர்ஸ்கள் சிறுநீர்ப் பையை அடிக்கடி அளந்து குறித்துக்கொண்டே இருந்தார்கள். மறுநாள் 123. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

வார்டுக்கு மாற்றிய பிறகுதான் உண்மையான போராட்டமே. ஒரு நாளைக்கு மொத்தம் ஒரு லிட்டர் திரவம். காபி, மோர், ரசம் எல்லாம் அதற்குள்ளேயே. தாகம் எடுத்தால் பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினோம். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு ஒரு இளநீரோடு வந்தார்கள். இளநீரில் இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம், சோடியம் கொஞ்சம்தான். அதுவும் அந்த ஒரு லிட்டர் கணக்கில்தான் சேரும். இதைச் சொல்லப்போய் ஒரு சித்தப்பா கோபித்துக்கொண்டார். சரி, போகட்டும். அந்த இளநீரைக் குடித்து முடித்தது நாங்கள்தான்.

131 வந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிரஷருக்கு இப்போது ஆம்லோடிபின். வலிக்கு அளவோடு வெறும் பாராசிட்டமால், இடுப்பு பெல்ட், பிசியோதெரபி. டிரமடால் அளவுக்கு இது வலியைக் கேட்கவில்லை, அம்மா முனகத்தான் செய்கிறார். ஒரு வாரம் கழித்துப் பார்த்ததில் சோடியம் 136. தூக்கம் வரவில்லை என்று மனநல டாக்டரிடம் போனபோது, எஸ்சிடலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையை எழுதப்போனவர் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்த வகை மாத்திரையும் சோடியத்தைக் குறைக்குமாம். மிர்டாசபின் குறைந்த அளவில் கொடுத்து, அதற்கும் ஒரு சோடியம் டெஸ்ட் எழுதியிருக்கிறார்.