வல்லத்தைத் திரும்பக் கட்டிவிட்டுப் போனவன்

வல்லம் என்கிற மீன்பிடிப் படகின் எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போனவன் வல்லத்தைப் பழைய இடத்திலேயே நிறுத்தி, நங்கூரமும் போட்டுவிட்டுப் போயிருந்தான்.

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு ஸ்டேஷனில் அப்போது நான் ரைட்டர் ஏட்டு, ஸ்டேஷன் எழுத்து வேலை என்னுடையது. அந்தப் பக்கம் கடல் ஆழம் குறைவு. இடுப்பளவுத் தண்ணீரில்தான் வல்லங்கள் நிற்கும். வல்லத்துக்கு வெளியே மாட்டுகிற அவுட்போர்டு எஞ்சின் நாற்பது கிலோ பக்கம் வரும். வல்லத்தைக் கரையோரம் தள்ளி வந்து, எஞ்சினைக் கழற்றி இறக்கிவிட்டு, வெறும் வல்லத்தை மறுபடி உள்ளே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறான். மூன்று மாதத்தில் நான்கு எஞ்சின். நான்கும் சனிக்கிழமை ராத்திரி. மாதாகோயில் ஊர், ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள்.

நான்காவது வல்லத்தின் கயிற்றைக் கையில் பிடித்துப் பார்த்த ஒரு பெரியவர் சொன்னார்: "ஏட்டையா, வாடைக்குக் கயிறு கூட விட்டிருக்கான். வல்லம் இழுபட்டுப் போயிறக் கூடாதுன்னு விட்டிருக்கான். இவன் களவாணிதான். ஆனா கடல்காரன்."

சம்பவ இடத்தில் எழுதுகிற மகஜரில் 'கயிறு கட்டப்பட்ட நிலையில் இருந்தது' என்று எழுதிக்கொண்டேன். அவ்வளவுதான். அவர் சொன்னதை எழுதவில்லை.

அதற்கு முந்தின மாதம்தான் மதுரையில் ஒரு வாரப் பயிற்சிக்குப் போய் வந்திருந்தேன். குற்றவாளியின் மனப்படம் வரைவது பற்றி ஒருநாள் முழுக்க வகுப்பு. நியூயார்க்கில் 1940-இல் தொடங்கி 16 வருடம் குண்டு வைத்தவனைப் பற்றி 1956-இல் ஜேம்ஸ் பிரஸ்ஸல் என்ற மனநல மருத்துவர் கணித்துச் சொன்னார், பிடிக்கும்போது டபுள் பிரெஸ்ட் கோட்டுப் போட்டு, பட்டன் மாட்டியிருப்பான் என்றுகூடச் சொன்னார், அப்படியே இருந்தான். வகுப்பில் எல்லோரும் கை தட்டினோம். அதைவிடப் பழைய கதை, 1888-இல் லண்டன் ஜாக் தி ரிப்பர் கொலைகளில் தாமஸ் பாண்ட் என்ற போலீஸ் டாக்டர் எழுதிக் கொடுத்தது: பார்க்க அமைதியான ஆள், நடுத்தர வயது, சுத்தமாக உடுத்துகிறவன். ஆள் அகப்படவே இல்லை, அதனால் அந்தக் கணிப்புக்கு மார்க் போட வழியில்லை.

கோட்டுக் கதையின் மீதியை நான் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். குண்டு வைத்த அந்த ஜார்ஜ் மெட்டஸ்கியைக் காட்டிக் கொடுத்தது மின்சாரக் கம்பெனியின் பழைய கோப்பு. ஆலிஸ் கெல்லி என்ற கிளார்க் அம்மா, நஷ்டஈடு கேட்டுச் சண்டை போட்ட தொழிலாளர்களின் கட்டுகளைப் புரட்டி, குண்டுக்காரன் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தின் வாசகம் ஒரு கோப்பில் இருப்பதைக் கண்டுபிடித்தார். போலீஸ் போனபோது அவன் பைஜாமாவில் இருந்தான். உடை மாற்றச் சொன்னார்கள், கோட்டு அதன்பிறகு வந்தது. ரைட்டர் வேலை பார்த்தவன் என்பதாலோ என்னவோ, எனக்கு டாக்டரைவிட அந்த அம்மாள்மேல்தான் மரியாதை.

அப்போது இதெல்லாம் தெரியாது. வகுப்புச் சூட்டில் ஒரு தாளில் நானும் படம் வரைந்தேன்: வயது 20–25, வெளியூர், கஞ்சாப் பழக்கம், கூட ஒருத்தன். எஸ்.ஐ. படித்துவிட்டு, "ரைட்டருக்கு ட்ரெயினிங் நல்லா ஏறியிருக்கு" என்று சிரித்தார். சிரித்தபடியே கேடி புத்தகத்தை எடுக்கச் சொன்னார்.

ஊரில் திட்டுவதற்குச் சொல்கிற கேடி என்ற சொல்லே எங்கள் துறைச் சுருக்கம்தான். நோன் டெப்ரடேட்டர் (Known Depredator), அதாவது போலீசுக்குத் தெரிந்த திருடன், கே.டி. அந்தப் புத்தகத்தில் உள்நாட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து ஒருவர் பெயர் இருந்தது. சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு ஆட்டுக் கேஸ், அதிலும் விடுதலை. ஆனாலும் அவர்மேல் திறந்த கண்காணிப்பு ஷீட் மூடப்படவில்லை. "அவன் தாத்தா காலத்துலயே ரேகை வச்ச குடும்பம்யா" என்றார் எஸ்.ஐ. அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ரேகைச் சட்டம் பற்றி எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குற்றப் பழங்குடிகள் சட்டம் 1871-இல் வடக்கே வந்தது. 1911 சட்டத்தோடு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியில் பிறந்ததே கைரேகை எடுக்கப் போதுமான காரணம். ராத்திரி ஸ்டேஷனில் வந்து படுக்க வேண்டும், ஊர்விட்டு ஊர் போகச் சீட்டு வேண்டும். ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றதற்குத்தான் 1920 ஏப்ரல் 3-இல் மதுரைக்கு மேற்கே பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு. இங்கே 1947-இல் சட்டம் போனது. மறுவருடமே வழக்கமான குற்றவாளிகளுக்கென்று வேறு சட்டம் வந்தது. குற்றவாளிக்கு மண்டை, தாடை இன்ன மாதிரி இருக்கும் என்று 1876-இல் இத்தாலியில் லொம்ப்ரோஸோ புத்தகம் எழுதியதை வகுப்பில் வேடிக்கையாகச் சொன்னார்கள். நம்ம ஊர்க் கதையை அந்த வகுப்பில் யாரும் எடுக்கவில்லை.

அந்தக் கரிமூட்டக்காரரை இரண்டு ராத்திரி ஸ்டேஷனில் 'உட்கார வைத்தோம்'. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும், கைதுக் குறிப்பு எழுத வேண்டும், வீட்டுக்குச் சொல்ல வேண்டும். டி.கே. பாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதெல்லாம் எங்கள் சுவரிலேயே போர்டாகத் தொங்கியது. ஜி.டி., அதாவது ஸ்டேஷனின் அன்றாடப் பதிவேடு எழுதுவது என் வேலை. நான் அவர் பெயரை எழுதவில்லை. எழுதாவிட்டால் அவர் அங்கே இல்லை. யாரும் அவரை அடிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். விடியற்காலையில் பெஞ்சிலிருந்து கேட்டார்: "ஏட்டையா, எனக்கு நீச்சலே தெரியாது. தண்ணிக்குள்ள நின்னு எஞ்சின நான் எப்படிய்யா கழட்டுவேன்?"

நகங்களில் கரி. வல்லத்தில் இருந்தது மண்ணெண்ணெய்ப் பிசுக்கு. கரித்தடம் ஒன்றுகூட இல்லை. அது அதற்கு முன்னாலேயே என் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

ஆள் அகப்பட்டது இன்னும் ஆறு வாரம் கழித்து. பட்டறை ஒன்றில் ரிப்பேருக்கு வந்த எஞ்சினின் நம்பரை, நாங்கள் கொடுத்திருந்த பட்டியலோடு மெக்கானிக் ஒத்துப் பார்த்துப் போன் செய்தார். வயது 52. பக்கத்து ஊர், தனி ஆள், பீடிகூடக் கிடையாது. சொந்தமாக வல்லம் வைத்திருந்து, கடனுக்கு வியாபாரியிடம் விட்டவர். என் தாளில் இருந்த நான்கும் தப்பு. பெரியவர் கயிற்றைத் தொட்டுச் சொன்ன ஒன்றுதான் சரி.

செயல்முறை வேறு, முத்திரை வேறு என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தது இதைத்தான். எஞ்சினைக் கழற்றுவது திருட்டுக்குத் தேவை, நாளைக்கு மாறலாம். வல்லத்தைத் திரும்ப நிறுத்துவது திருட்டுக்குத் தேவையே இல்லை, அதுதான் ஆள். ஏன் கட்டினீர்கள் என்று விசாரணையில் கேட்டேன். "அது பாட்டுக்குப் போயிருமே" என்றார், நான் ஏதோ கிறுக்குத்தனமாகக் கேட்டுவிட்ட மாதிரி பார்த்து.

மனப்படம் வரைகிற இந்த வித்தையை முழுப் பித்தலாட்டம் என்று நான் சொல்லமாட்டேன். லண்டனில் 1986-இல் டேவிட் கேன்டர் என்ற உளவியலாளர் குற்ற இடங்களை வரைபடத்தில் குறித்து, ஆள் வசிக்கிற வட்டாரத்தைச் சொன்னார், தொடர் பாலியல் குற்றங்களும் கொலைகளும் செய்த ஜான் டஃபி அங்கேதான் இருந்தான். எங்கள் கரையில் அப்படி வட்டம் போட்டால் பாதி கடலுக்குள் போய்விடும், அது வேறு சங்கதி. ஆனால் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 36 குற்றவாளிகளைப் பேட்டி கண்டு, திட்டமிட்டவன், திட்டமில்லாதவன் என்று பிரித்த அந்தப் பிரபலமான இரண்டு பெட்டியை, இதே கேன்டர் குழு 2004-இல் 100 தொடர் கொலைகாரர்களை வைத்துப் பார்த்தபோது, அப்படித் தெளிவாகப் பிரியவில்லை.

என்னைத் தூங்கவிடாதது லண்டனின் விம்பிள்டன் வழக்கு. 1992-இல் ஒரு இளம்பெண் கொலை. உளவியலாளர் வரைந்த படத்துக்குப் பொருந்துகிறார் என்று காலின் ஸ்டாக் என்பவரைப் பிடித்துக்கொண்டார்கள். பெண் போலீஸ் ஒருவரைக் காதலிபோலப் பழகவிட்டு மாதக்கணக்கில் வாயைக் கிளறினார்கள். 1994-இல் நீதிபதி அதையெல்லாம் தூக்கி எறிந்தார். உண்மையில் செய்தவன் ராபர்ட் நேப்பர் என்று 2008-இல்தான் முடிந்தது. எல்லோர் கண்ணும் ஸ்டாக்கின்மேல் இருந்த 1993-இல் நேப்பர் இன்னொரு தாயையும் அவள் நாலு வயது மகளையும் கொன்றிருந்தான். எங்கள் கேஸில் போனது எஞ்சின்தான். நான்காவதோடு நின்றதும் எங்கள் சாமர்த்தியம் இல்லை.

ரிட்டயர் ஆன பிறகு ஒருநாள் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கரிமூட்டக்காரரைப் பார்த்தேன். அவர்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டார். மகன் பாம்பன் பக்கம் ஐஸ் கம்பெனியில் வேலை, பாஸ்போர்ட்டுக்குப் போடணும் என்றார். பிறகு டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அந்தப் புஸ்தகத்துல இன்னும் என் பேரு இருக்காய்யா?"

தெரியாது என்றேன். அவரே இரண்டு டீக்கும் காசு கொடுத்துவிட்டார்.