கெகா என்றால் காயம்

அன்று காலை என் மேசைக்கு வந்த படிவத்தில் ‘காயம்: இல்லை’ என்று வட்டமிட்டிருந்தது. அதைக் கொண்டுவந்து நீட்டிய பையனின் ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. துணியில் ரத்தம் ஊறியிருந்தது.

ஜப்பானில் நாகோயாவுக்கு அருகே ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். பையன் சீனாவின் ஷான்டொங் மாகாணத்திலிருந்து தொழில்நுட்பப் பயிற்சியாளனாக வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. லேத்தில் பிசிறு எடுக்கும்போது கையுறையைக் கிழித்துக்கொண்டு விரலில் ஏறிவிட்டது. போர்மேன் கடுங்கோபத்தில் இருந்தார். “கண்ணெதிரே ரத்தம் வழிகிறது, இல்லை என்று எழுதுகிறான். பொய் சொல்பவனை எப்படி எந்திரத்தில் நிறுத்துவது?” என்றார்.

பையன் முகத்தில் பொய் சொன்ன களை இல்லை. கொள்முதல் பிரிவில் பல ஆண்டுகளாக இருந்த சீனப் பெண்மணியை அழைத்து வந்தேன். அவர் படிவத்தைப் பார்த்தார், பையனிடம் இரண்டு வார்த்தை பேசினார், கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “இவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். கேள்விதான் வேறு” என்றார்.

ஜப்பானியத்தில் காயத்துக்குக் ‘கெகா’ என்பார்கள். எழுதும்போது இரண்டு சீன எழுத்துகள் வரும். அவை பொருளுக்காக வைத்தவை அல்ல, ஒலிக்காகப் பொருத்தியவை. ஆனால் சீனர் கண்ணுக்கு எழுத்து என்றாலே பொருள். முதல் எழுத்து ‘குறைசொல்’, இரண்டாவது ‘நான்’. சேர்த்துப் படித்தால் ‘குவாய் வோ’: என் மேல்தான் தப்பு. விபத்துப் படிவத்தில், உண்டு–இல்லை என்ற இரண்டு எழுத்துகளுக்கு மேலே அப்படி ஒரு கேள்வி நின்றால் யாரும் என்ன செய்வார்கள்? தப்பு என்னுடையதில்லை என்று வட்டமிட்டான். உண்மையும் அதுதான். அவனுக்குக் கொடுத்திருந்த கையுறை அந்த வேலைக்கு மெல்லியது.

அன்றைக்கு எனக்கு உறைத்த ஒன்றை இன்றுவரை விடவில்லை. நான் அந்த நாட்டில் இறங்கியபோது ஓர் எழுத்தும் தெரியாது. கழிப்பறைக் கதவில் எழுதியிருப்பதைக்கூட யாரிடமாவது கேட்டுத்தான் நுழைந்தேன். கேட்டுக் கேட்டே எல்லாவற்றையும் கற்றேன். அந்தப் பையனுக்குப் பலகைகள், படிவங்கள், பெட்டிகள் எல்லாம் முதல் நாளே படிக்கக் கிடைத்துவிட்டன. எழுத்து தெரிந்த முகமாக இருந்ததால் அவன் யாரையும் கேட்கவில்லை. அவனுக்கு எல்லாம் புரியும் என்று நாங்களும் எதையும் சொல்லவில்லை. ‘சீனர்களுக்குச் சுலபம், எழுத்து ஒன்றுதானே’ என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

இது எனக்குப் புதிதாக இருந்திருக்கக் கூடாது. ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்த்தபோது, பீகாரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் இரவு தூங்குமுன் ‘உபன்யாஸ்’ படிப்பதாகச் சொல்வார். பக்திமான் என்று வெகுநாள் மரியாதை வைத்திருந்தேன். இந்தியில் அது நாவல். அங்கே சிக்ஷா என்றால் கல்வி, நம்மிடம் சிட்சை என்றால் தண்டனை. ஜப்பானியரின் ‘பென்க்யோ’ படிப்பு. அதே எழுத்துகளைச் சீனர் ‘மியன்ச்சியாங்’ என்று படித்தால் மனமில்லாமல் செய்வது, வற்புறுத்துவது.

தெகாமி என்றால் ஜப்பானில் கடிதம், சீனத்தில் அதே எழுத்துகள் கழிப்பறைக் காகிதம். இதை எல்லோரும் சொல்லிச் சிரிப்பார்கள். என்னைச் சிரிக்கவிடாமல் செய்த சொல் ‘கென்டோ’. ஆராய்ந்து பார்ப்பது என்று பொருள், எங்கள் பிரிவில் நாளுக்குப் பத்து முறை எழுதுவோம். சீனாவின் தாலியன் நகரில் இருந்த ஒரு சப்ளையருக்கு, அளவு தவறிய பாகங்களைப் பற்றி ‘காரணத்தைக் கென்டோ செய்து அனுப்பவும்’ என்று அறிக்கை போனது. மொழிபெயர்க்கிறவர் அன்று விடுப்பு. அறிக்கை நேரே ஓர் இளம் பொறியாளரின் கைக்குப் போய்விட்டது. இரண்டு பக்கம் பதில் வந்தது. உளி தேய்மானமோ அளவுப் பட்டியலோ அதில் இல்லை. தான் கவனக்குறைவாக இருந்ததாகவும், உடன் வேலை செய்பவர்களுக்குத் தலைகுனிவு ஏற்படுத்திவிட்டதாகவும், இனி இப்படி நடக்காது என்றும் எழுதியிருந்தார். சீனத்தில் அந்த எழுத்துகள் ‘ஜியன்தாவ்’. தப்பு செய்த பிள்ளையைப் பள்ளியில் எழுதச் சொல்வார்களே, அந்தக் குற்ற ஒப்புதல். நாங்கள் கேட்டது அளவு, அவர் கொடுத்தது தன் மானம். அந்தத் தாளை என்னால் கோப்பில் சேர்க்க முடியவில்லை. தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன்.

மன்னிப்புக் கேட்கும் சொல்லிலும் இந்தச் சிக்கல் உண்டு. ஜப்பானில் தொல்லை கொடுத்ததற்கு வருந்த ‘மெய்வாகு’ என்பார்கள். சீனத்தில் அந்த எழுத்துகளுக்கு மனம் குழம்புவது, மயங்குவது என்று பொருள். 1972 செப்டம்பர் 25 அன்று பெய்ஜிங் விருந்தில், போர்க்காலத்தைப் பற்றிப் பேசிய ஜப்பான் பிரதமர் தனாகா ககுஎய் இந்தச் சொல்லைத்தான் சொன்னார். மொழிபெயர்ப்பில் அது ‘மாஃபான்’, அதாவது சின்னத் தொந்தரவு, என்று போனது. பெண்ணின் பாவாடையில் தண்ணீர் தெறித்தால் சொல்கிற சொல் அல்லவா என்று சீனப் பிரதமர் சௌ என்லாய் கடிந்துகொண்டார். செப்டம்பர் 29 அன்று கையெழுத்தான இரு நாட்டுக் கூட்டறிக்கையில் ஜப்பான் தன் பொறுப்பை ஆழமாக உணர்ந்து தன்னைக் கடிந்துகொள்வதாக வாசகம் அமைந்தது. விருந்து மேடையில் ஒரு பிரதமருக்கே அப்படி என்றால், எங்கள் லேத் பையன் என்ன செய்வான்.

படிவத்தை மாற்றக் கேட்டேன். அந்த இரண்டு எழுத்துகளை எடுத்துவிட்டு, ஒலியை மட்டும் காட்டும் கதகானாவில் ‘கெகா’ என்று போடலாம் என்றேன். “ஜப்பானில் எல்லோருக்கும் தெரிந்த எழுத்துதானே” என்றார் மேலாளர். தெரியாத எழுத்தாக இருந்தால்தான் அவர்கள் நம்மிடம் கேட்பார்கள் என்றேன். சில வாரங்களில் மாற்றிவிட்டார்கள். கனமான கையுறையும் வந்தது. போர்மேன் அந்தப் பையனைத் தனியாக அழைத்துத் தலைகுனிந்தார். அவன் பதற்றத்தில் அவரைவிடத் தாழக் குனிந்தான்.

சுவர்ப்பலகையை மட்டும் எடுக்கவில்லை. ஜப்பானியத் தொழிற்சாலைகளில் பரவலாகத் தொங்கும் வாசகம் அது: ஒரு நொடி கவனம், இல்லையேல் ஆயுளுக்கும் காயம். அடுத்த அணி வந்த முதல் நாள், அவர்களை அதன் முன்னால் நிறுத்தி ஆளுக்கொரு தாள் கொடுத்து, படித்ததைத் தங்கள் மொழியில் எழுதச் சொன்னேன். கொள்முதல் பெண்மணி ஒவ்வொன்றாக வாசித்தார். ஆறு தாள்களில் நான்கில் இருந்தது: ‘ஒரு நொடி கவனம், ஆயுளுக்கும் என் மேல் தப்பு.’

அந்தப் பையன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். தழும்பு விழுந்த விரலைத் தூக்கிக் காட்டி, அவர்களுக்குச் சீனத்தில் விளக்க ஆரம்பித்தான்.