அப்பாவைக் கூட்டிட்டு வா

செமஸ்டர் முடியும் நேரத்தில் 75 சதவீத வருகை இல்லாதவர்கள் பட்டியல் வந்ததும் எங்கள் கல்லூரியில் முதலில் வரும் வார்த்தை "அப்பாவைக் கூட்டிட்டு வா" என்பதுதான். எட்டு வருடமாகக் கிளாஸ் அட்வைசராக இருக்கும் நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடம் முன்பு ஒரு மாணவியிடமும் சொன்னேன். இரண்டாம் ஆண்டு, அதுவரை ஒரு அரியர்கூட இல்லாதவள். ஸ்டாஃப் ரூமில் ஆறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, ரெக்கார்டு நோட்டின் பிரவுன் அட்டையை நகத்தால் உரித்துக்கொண்டே நின்றாள், பதிலே இல்லை. அன்று சாயங்காலம் லேப் அட்டெண்டர் அக்கா வந்து, "மேடம், அந்தப் பிள்ளை பத்து நாளா மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை" என்றார். தினமும் அந்த வகுப்புக்குப் போகிற எனக்கு அது தெரியாது.

மறுநாள் ஆளில்லாத லேபில் உட்காரவைத்து, என்னம்மா ஆச்சு என்று மட்டும் கேட்டேன். அழுதாள். காரணம் இங்கே வேண்டாம், அது அவளுடையது. "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டேன். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று நம்மில் பலருக்குப் பயம், ஆனால் அப்படி ஆவதில்லை, தயங்காமல் கேளுங்கள் என்றுதான் மனநல மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆமாம் என்று தலையாட்டினாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. யாரிடம், எதைச் சொல்லப்போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் சொன்னேன். அவள் விருப்பப்படி, போன் போனது அப்பாவுக்கு இல்லை, சித்திக்கு. சித்தி வரும்வரை அவளைத் தனியே விடவில்லை.

கவுன்சிலரைப் போய்ப் பார் என்று சொல்லி அனுப்பினால் பெரும்பாலும் போக மாட்டார்கள். கூடவே நடந்துபோய் வெளியே காத்திருந்தேன். எங்கள் கவுன்சிலர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார், அதனால் போனிலேயே மனநல ஆலோசனை தரும் டெலிமானஸ் சேவையின் எண்ணை (14416) அவள் போனில் அங்கேயே சேமிக்கவைத்தேன். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், ராத்திரி இரண்டு மணிக்கும் தமிழில் பேசலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108.

அப்புறம், ஆறுதல் வார்த்தையோடு நின்றுவிடாதீர்கள். விட்டுப்போன இரண்டு இன்டர்னலுக்கு மறுதேர்வு, வருகைக் குறைவுக்கான விண்ணப்பம் இரண்டையும் துறைத்தலைவரிடம் நானே பேசி முடித்த பிறகுதான் அவள் ராத்திரியில் தூங்கினாள்.

மனநலப் பயிற்சி என்றால் எங்கள் கல்லூரியில் ஆசிரியர்களை மட்டும்தான் கூப்பிடுகிறார்கள். லேப் அட்டெண்டர், ஹாஸ்டல் வார்டன், ஆபீஸ் கிளார்க், பஸ் டிரைவர் எல்லோரையும் உட்காரவையுங்கள் என்று முதல்வருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த அக்கா பெயரை முதலில் போட்டிருக்கிறேன்.