அம்மா நேர்ந்துகொண்ட நெய்விளக்கு

நான் தூக்கமில்லாமல் கிடந்த நாட்களில், புத்தமங்கலத்துப் புத்தருக்கு நெய்விளக்கு ஏற்றுவதாக அம்மா நேர்ந்துகொண்டாள். பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போய் வந்தபின் எனக்குத் தூக்கம் திரும்பியது. விளக்கு மட்டும் பாக்கி நின்றது. அம்மா போய் இரண்டு வருஷம் கழித்து, இந்த வைகாசிப் பௌர்ணமிக்குத்தான் கிளம்பினேன்.

தஞ்சாவூரில் ஏறிய பஸ்ஸில் வேளாங்கண்ணிக் கூட்டம். கீழ்வேளூர்வரை நின்றேன். இறங்கியதும் ஓர் ஆட்டோக்காரர் வெளியூர் முகம் என்று கண்டுகொண்டு ஒரு தொகை கேட்டார். பாதியாகக் குறைத்தேன், பாதியே அநியாயம் என்பது ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. ராஜராஜன் காலத்தில் நாகப்பட்டினம் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு எழுதிக்கொடுத்த ஆனைமங்கலம் இந்தப் பக்கம்தான். அதையெல்லாம் நினைத்துக்கொண்டு போக ஆசைப்பட்டவன், வழி நெடுக அந்தக் காசையே நினைத்துக்கொண்டு போனேன்.

புத்தர் ஐயா கல்லில் அமர்ந்திருக்கிறார். விளக்கு இரண்டு முறை காற்றில் அணைந்தது. மூன்றாவது முறை கை குவித்து மறைத்தேன். எதிரே உட்கார்ந்து மூச்சைப் பார்த்தால், மூக்கு நுனியில் ஆட்டோக்காரர் நிற்கிறார். அவரை விரட்டினால் தூக்கம் வந்து தலை தொங்கியது. புத்தரின் தலைமைச் சீடர் மொக்கல்லானருக்கே தலை தொங்கியபோது, காது மடலை இழுத்துக்கொள், கண்ணைத் தண்ணீரால் கழுவு என்றாராம் அவர். பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டுப் பழகிய கை, தானாகக் காதுக்குப் போனது. கண் கழுவ அருகிலிருந்த குளத்தில் இறங்கினேன்.

குளம் முழுக்கப் பாசி. விலக்கினேன். உள்ளங்கை அகலத்தில் என் நெற்றியும் ஒரு கண்ணும் தெரிந்தன. முகம் கழுவி நிமிர்வதற்குள் மூடிக்கொண்டது. தியானத்துக்கு மனம் போடும் ஐந்து தடைகளையும் புத்தர் தண்ணீரை வைத்தே சொன்னார்: ஆசை சாயம் கலந்த தண்ணீர், கோபம் கொதிக்கிற தண்ணீர், சோம்பல் பாசி மூடிய தண்ணீர், அலைச்சல் காற்றடிக்கும் தண்ணீர், ஐயம் இருட்டில் வைத்த சேற்றுத் தண்ணீர். எதில் குனிந்தாலும் முகம் தெரியாது. முகாமில் கேட்டபோது நல்ல உவமை என்று தலையாட்டியதோடு சரி. இங்கே விரலெல்லாம் பச்சை.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். இந்த முறை யாரையும் விரட்டவில்லை. கோபம் இருக்கிறது, அவ்வளவுதான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கொதித்தது. அடங்கியபோது அடியில் ஆட்டோ காசு இல்லை. அம்மாவை உயிரோடு இருக்கும்போது இங்கே அழைத்து வராதது கிடந்தது. செய்யாமல் விட்டதை நினைத்து மனம் அரிப்பதைக் குக்குச்சம் என்கிறது பௌத்த நூல்களின் பாலி மொழி. பேர் தெரிந்து என்ன, கண்ணீர் நிற்கவில்லை. ஐயா, அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்ற என்னை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தீர்களே, இதற்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்? என் தூக்கத்துக்காக அவள் எத்தனை இரவு விழித்திருந்தாளோ.

நெய் தீரும்வரை எழுந்திருக்கவில்லை. வெளியே அதே ஆட்டோ காத்திருந்தது. ஏறுவதற்கு முன்னால் மறுபடியும் பேரம் பேசினேன்.