13 எழுத்தா, 7 எழுத்தா?

மருதமுனையில் எங்கள் வீட்டின் பின்பக்கம் தறி. சத்தம் ஓய்ந்த பிறகுதான் நான் லேப்டாப்பைத் திறப்பேன். வெப் பக்கம் செய்யும் கோடிங் படிக்கத்தான். ஐந்து மாதம் யூடியூப் பார்த்தே போனது. பார்க்கும்போது எல்லாம் விளங்கும். வெறும் ஃபைலைத் திறந்தால் கை ஓடாது. நானாகச் செய்து கையில் இருந்தது ஒரு டூடூ லிஸ்ட் (செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல்), ஒரு கால்குலேட்டர். ஊரில் படிக்கும் எல்லாரிடமும் இருப்பவைதான். வேலைக்கு அனுப்பிய சிவி 11, வந்த பதில் 2.

முதல் இன்டர்வியூ ஸூமில். வெப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்க்ரிப்ட் மொழியில் ஒரு கேள்வி. ஒரே வேலையைச் சுற்றிச் சுற்றிச் செய்யும் ஃபார் லூப்புக்குள், பிறகு ஓடு என்று தள்ளிவைக்கும் ஒரு செட்டைம்அவுட். சுற்றை எண்ணும் மாறி 'வார்' என்று அறிவித்தது, 0 முதல் மூன்று சுற்று. என்ன பிரின்ட் ஆகும் என்று கேட்டார்கள். "3, 3, 3" என்றேன். ஏன் என்றார்கள். வாயடைத்துப் போனேன். மூன்றும் ஒரே மாறியைத்தான் பார்க்கின்றன, அவை ஓடும் நேரத்தில் லூப் முடிந்து அதில் 3 நிற்கிறது. 'வார்' இடத்தில் 'லெட்' போட்டால் சுற்றுக்கு ஒரு மாறி, 0, 1, 2 வரும். இவ்வளவுதான் பதில். இங்கிலீஷ் தடுத்தது என்று வீட்டில் சொன்னேன். தமிழில் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அப்புறம் வீடியோக்களை மூடிவிட்டு வாப்பாவின் சாரன்களுக்கு (கைலிகளுக்கு) ஒரு வெப் பக்கம் செய்தேன். பெட்டிகளை அடுக்கும் ஃபிளெக்ஸ்பாக்ஸ், திரை அளவுக்கேற்ப மாற்றும் மீடியா குவரி எல்லாம் அதில்தான் கைக்கு வந்தன. வாப்பாவின் பழைய போனில் விலை பெட்டிக்கு வெளியே வழிந்தது. அதைச் சரிசெய்யவே இரண்டு இரவு.

பார்சலோடு போகும் சீட்டில் எழுத ஒரு வாழ்த்துப் பெட்டியும் வைத்தேன், எழுத்து எண்ணிக்கையோடு. வாப்பா "வாழ்த்துக்கள்" என்று தட்டினார். கீழே 13 என்று காட்டியது. விரல் விட்டு எண்ணினார்.

"ஏழுதானே மகன்? உன்ட கம்பியூட்டருக்குத் தமிழ் தெரியாதா?"

உண்மையில் தெரியாதுதான். ஜாவாஸ்க்ரிப்டில் நீளம் சொல்லும் 'லெங்த்' நாம் பார்க்கும் எழுத்தை அல்ல, கம்பியூட்டர் எழுத்தைச் சேமிக்கும் யூனிகோடு அலகுகளை எண்ணுகிறது. 'வா' என்பது அதற்கு 'வ' ஒன்று, கால் ஒன்று. 'ழ்' என்றால் புள்ளியும் தனிக்கணக்கு. தேடித் தேடி, கண்ணில் படும் எழுத்துகளாகவே பிரிக்கும் 'இன்டில் செக்மென்டர்' ஜாவாஸ்க்ரிப்டிலேயே கிடைத்தது. அதைப் போட்டதும் 7 வந்தது. வாப்பா ஒன்றும் சொல்லவில்லை, தறிக்குப் போய்விட்டார்.

எழுதிய கோட் முழுவதையும் எல்லாரும் பார்க்கும்படி கிட்ஹப் தளத்தில் போட்டு, அந்த லிங்கை சிவியின் முதல் வரிக்கு ஏற்றினேன். இரவில் ராத்தாவை (அக்காவை) உட்காரவைத்து ஒவ்வொரு ஃபங்ஷனையும் இங்கிலீஷில் விளக்குவேன். பாவம், பாதியில் தூங்கிவிடுவார்.

மூன்றாவது இன்டர்வியூ கொழும்புக் கம்பெனி ஒன்று. பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, இதில் எது உங்களைக் கஷ்டப்படுத்தியது என்றார் ஒருவர். 13, 7 கதையைச் சொன்னேன். இலக்கணப் பிழை நிறைய விட்டிருப்பேன். ஆனால் நிறுத்தவில்லை. அவர் தன் திரையிலேயே அந்தச் சொல்லை ஒட்டி ஓட்டிப் பார்த்தார். பிறகு சிங்களச் சொல் ஒன்றையும் போட்டு எண்ணினார். அரை மணி நேர இன்டர்வியூவில் பாதி அதிலேயே கழிந்தது.

பத்து நாள் கழித்து மெயில் வந்தது. வீட்டிலிருந்தே வேலை, முதல் ஆறு மாதம் பயிற்சிச் சம்பளம். முதல் நாள் தந்த வேலை, சின்னத் திரையில் ஒரு பட்டனின் தமிழ் எழுத்து வெட்டுப்படுவதைச் சரிசெய்வது.